பொய்க் குறும்பார்வை என்று எழுதாதீர்கள்

போன மாதம், கண் பரிசோதிக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இருவர் இணுவிலுக்கு என் வீடு தேடி வந்தார்கள். பாடசாலைகளுக்குக் கொடுக்க ஒரு துண்டுப்பிரசுரம் எழுதியிருக்கிறார்களாம். கால் நூற்றாண்டு இந்த வேலையில் இருந்தவள் என்பதால் நான் ஒருமுறை வாசித்துப் பிழை திருத்தித் தர வேண்டுமாம். தேநீர் கொடுத்து இருத்திவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது பந்தியிலேயே கொட்டை எழுத்தில் நின்றது அந்தச் சொல்: ‘பொய்க் குறும்பார்வை’. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. பேனையை எடுத்துக் கடதாசி கிழியக் கிழிய அதை வெட்டினேன்.

“மிஸ்ஸி, அது கலைச்சொல்லெல்லோ. புத்தகத்திலையும் அப்பிடித்தான் கிடக்கு,” என்றாள் மூத்தவள். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு.

“புத்தகத்திலை கிடந்தால் புத்தகத்துக்குள்ளையே கிடக்கட்டும். பிள்ளையைப் பெத்தவைக்கு முன்னாலை அந்தச் சொல்லை வாயிலை எடுக்கப்படாது.”

ஏன் என்று கேட்டார்கள். அன்றைக்கு நான் ஏசினேனே தவிர, ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஆத்திரத்தில் இருக்கிறவளுக்குக் கோர்வையாகக் கதை வராது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். எழுதும்போதும் ஆத்திரம் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தாறில் நான் தாதிப் பயிற்சியை முடித்து, சனம் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும் தாதியாக வந்த நேரம், சிங்களம் படித்துத் தேறினால்தான் அரசாங்க உத்தியோகத்தில் மேலே போகலாம் என்ற நிலைமை வந்தது. எனக்கு அந்த உத்தியோகமே வேண்டாம் என்று வீம்பு பிடித்துக்கொண்டு, யாழ்ப்பாணம் பட்டணத்தில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்த ஒரு கண் டொக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். முதல் வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பஞ்சு உருட்டினேன், போத்தல் அவித்தேன், மருந்து விட்டேன், சனத்தை வரிசையில் இருத்தினேன். பிறகு வில்லைகளை மாற்றிப் போட்டுப் பார்வை சோதிக்கவும் பழகிக்கொண்டேன்.

டொக்டர் இங்கிலாந்தில் படித்தவர். வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் தவிர வேறு உடுத்து நான் கண்டதில்லை. அவருடைய வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்குள் எங்களுக்குப் பொறுமை போய்விடும். நோயாளி தன் குறையைச் சொல்லி முடித்து, மூச்சு வாங்கி, இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்று சும்மா இருக்கும்வரை காத்திருப்பார். பிறகு இரண்டே வசனம் சொல்லுவார். மூன்றாவது வசனம் கேட்டால் என்னைப் பார்ப்பார். அடுத்த ஆளைக் கூப்பிடு என்று அர்த்தம். அவருக்குக் கண்ணைத் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரியாது என்று நான் பலமுறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

ஆனால் வேலையில் அவரைக் குறை சொல்ல இயலாது. மற்றக் கிளினிக்குகளில் காத்திருக்கிறவர்கள் வாசிக்கப் பத்திரிகை போட்டிருப்பார்கள். எங்கள் விறாந்தையில் ஒரு துண்டுக் கடதாசி கிடக்கக் கூடாது. வாசித்துக்கொண்டு இருந்துவிட்டு எழும்பி வருகிற கண்ணைச் சோதித்து என்ன பயன் என்று கேட்பார். பிள்ளைகளை முற்றத்து வேப்பமரத்தடியில் வாங்கு போட்டு இருத்தி, தெருக்கோடியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சோதிக்கும்போது முதலில் கூட்டல் வில்லையைப் போட்டுப் பார்வையை வேண்டுமென்றே மங்கலாக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்து, எழுத்து தெரியத் தொடங்கிய இடத்தில் நிறுத்த வேண்டும். கழித்தல் வில்லையில் தொடங்கினால் வேலையை விட்டுப் போகச் சொல்லிவிடுவார்.

ஏனென்றால் கண்ணுக்குள் வில்லையைச் சுற்றி ஒரு தசை இருக்கிறது. கிட்ட உள்ளதைப் பார்க்கும்போது அது இறுகும், தூரத்தைப் பார்க்கும்போது தளரும். நாள் முழுக்கப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருக்கிற பிள்ளைக்குச் சில வேளை அது இறுகினபடியே நின்றுவிடும். தலையை நிமிர்த்திக் கரும்பலகையைப் பார்த்தாலும் விடாது. அப்போது தூரம் மங்கும். உண்மையில் அந்தப் பிள்ளைக்குக் குறும்பார்வை, அதாவது தூரம் மங்குகிற நிரந்தரக் கண் குறை, கிடையாது. ஆனால் சோதித்தால் குறும்பார்வை போலவே காட்டும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் கழித்தல் வில்லை போட்ட கண்ணாடி ஒன்றைக் கொடுப்பான். பிள்ளை ‘ஆ, தெரியுது’ என்று சொல்லும். ஏற்கெனவே இறுகியிருக்கிற தசை அந்தக் கண்ணாடிக்கு ஈடு கொடுக்க இன்னும் இறுகும். சில மாதத்தில் அந்தக் கண்ணாடி காணாது, எழுத்து திரும்பவும் மங்கும். அதைவிடக் கூடினது ஒன்றைக் கொடுப்பான். பட்டணத்தில் இப்படிக் கண்ணாடி விற்றுப் பிழைத்தவர்கள் எனக்கு முகம் தெரிந்தவர்கள். அவர்களைப் பற்றித் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

மருந்து ஒன்றுதான். அற்றோப்பின் சொட்டு. அது அந்தத் தசையைப் பிடியை விட வைக்கும். விட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் கண்மணி அகலமாக விரிந்து நிற்கும், வெயில் கூசும், கிட்ட உள்ள எழுத்து ஒன்றும் தெரியாது. ஊமத்தங்காயோடு விளையாடிய பிள்ளையின் கண்ணைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். கிட்டத்தட்ட அதே சாமான்தான். சொட்டை விட்டவுடன் மூக்கோரத்துக் கண்மூலையை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்குள் இறங்கி, வாய் வறண்டு, முகம் சிவந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் போலாகிவிடும். புத்தகத்தைத் தொடக் கூடாது. படிக்கிற பிள்ளையை வைத்திருக்கிற வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள். காலை வெட்டப் போகிறோம் என்று சொன்னதுபோல் பார்ப்பார்கள்.

இனி அந்தச் சொல் எங்கள் கிளினிக்குக்குள் வந்த கதை.

அறுபதுகளின் தொடக்கத்தில் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பெடியனைத் தகப்பன் கூட்டிவந்தார். பரம்பரையாகக் கடலோடிய குடும்பம். பெடியன் கப்பலில் அதிகாரியாகப் பயிலப் போக வேண்டும், கண்ணாடி இல்லாமல் பார்வைச் சோதனையில் தேற வேண்டும். அதற்காக இராப் பகலாகப் படித்ததில் தூரம் மங்கிவிட்டது. டொக்டர் தன் வழக்கப்படி ஆங்கிலச் சொல்லைக் கலந்து, “இது ஸ்பாசம். மருந்து விட மாறும்,” என்று இரண்டு வசனம் சொல்லி அனுப்பினார். ஸ்பாசம் என்றால் தசை இறுகி நிற்பது. அவர்களும் நாங்கள் சொன்னபடி செய்தார்கள். புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டுப் பெடியன் கடற்கரையில் தொப்பியும் போட்டுக்கொண்டு தொடுவானத்தைப் பார்த்தபடி இருந்தானாம். கண் தசை பிடியை விட்டுவிட்டது. சோதனையில் தேறிக் கப்பலுக்கும் போனான்.

தகப்பன் பெரிய வாழைக்குலையோடு நன்றி சொல்ல வந்தார். விறாந்தை நிறையச் சனம். எல்லாருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னார்: “என்ரை பெடியன்ரை கண்ணுக்கை பாசம் வந்து நிண்டிட்டுது. டொக்டர் ஐயாதான் மருந்து விட்டுப் பாசத்தை எடுத்தவர்!”

ஒரு கிழவர் கேட்டார்: “தம்பி, ஆரிலை பாசம்?”

விறாந்தை குலுங்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே டொக்டரின் காது சிவந்ததைக் கண்டேன். பட்டணத்தில் கொஞ்ச நாள் ‘பாசம் எடுக்கிற டொக்டர்’ என்று அவருக்குப் பெயர் நடமாடியது. கௌரவம் பார்க்கிற மனிதருக்கு அது பொறுக்குமா? அந்தக் காலத்தில் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் தமிழில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கலைச்சொல் தேடிய காலம். இவரும் அகராதிகளை வாங்கி அடுக்கினார். இனி நோயாளிகளுக்கு நல்ல தமிழிலேயே சொல்லுவேன் என்றார். அந்த எண்ணத்தை நான் மெச்சினேன், இன்றைக்கும் மெச்சுகிறேன். ஆனால் அகராதியில் தேடி அவர் பிடித்துக்கொண்டு வந்த சொல்தான் ‘பொய்க் குறும்பார்வை’. எழுத்துக்கு எழுத்துச் சரி. பிள்ளைகள் கெட்டுப் போவதற்கு அந்தச் சரியே போதும்.

அதற்கு அடுத்த வருடம் சண்டிலிப்பாயிலிருந்து வந்தாள் தவமலர். பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். ஒல்லிப் பிள்ளை, இரண்டு பின்னல், மூக்கில் தடித்த கண்ணாடி. தகப்பன் வைத்திலிங்கம் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். தாயும் கூட வந்திருந்தாள். குடும்பத்தில் எட்டாம் வகுப்புக்கு மேலே போன முதல் பொம்பிளைப் பிள்ளை அவள். விஞ்ஞானப் படிப்பு தமிழுக்கு மாறியிருந்தாலும் தமிழில் புத்தகம் கிடையாத காலம். வாத்தியாரிடம் இருந்த குறிப்புகளை இரவல் வாங்கி, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் கொப்பி கொப்பியாகப் பார்த்து எழுதியிருக்கிறாள். தனக்கு மட்டுமல்ல, சிநேகிதிகளுக்கும். நடுவிரலில் பேனை பிடித்த இடம் காய்த்துப் போயிருந்தது.

“வருசத்துக்கிடையிலை ரெண்டு கண்ணாடி மாத்தியாச்சு, மிஸ்ஸி,” என்றார் தகப்பன். “ஒரு நாளைக்குக் கரும்பலகையிலை எழுதினது தெரியுதெண்ணுறாள். மற்ற நாள் தெரியேல்லையெண்ணுறாள். வாத்தியாரும் கேக்கிறார், உவள் விளையாடுறாளோ எண்டு.”

அந்தக் கதைதான் எனக்கு அடையாளம். உண்மையான குறும்பார்வை நாளுக்கு நாள் மாறாது. டொக்டர் இருட்டறையில் நடுவே துளையுள்ள சின்னக் கண்ணாடியால் அவளுடைய கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சினார். கண்மணிக்குள் நிழல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிற சோதனை அது. நிழல் ஒரு நிலையில் நிற்கவில்லை. இறுகுவதும் தளருவதுமாக இருந்தது. சோதிக்க மட்டும் விடுகிற, விரைவில் வேலை செய்கிற வேறொரு சொட்டு மருந்தை விட்டு வேப்பமரத்தடியில் இருத்தினோம். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொன்னபோது, மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தகப்பன் அவளைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். “கண்ணாடி இல்லாமலோ? எல்லாம் தெரியுதோ?”

“ஓம் அப்பா. வடிவாத் தெரியுது.”

“அப்ப இவ்வளவு நாளும்?”

டொக்டர் கையைத் துடைத்துக்கொண்டு தன் இரண்டு வசனத்தைச் சொன்னார். “இது பொய்க் குறும்பார்வை. உண்மையிலை கண்ணிலை ஒரு குறையும் இல்லை.”

“பொய்யோ, ஐயா?”

“ஓம். பொய்.”

அது மூன்றாவது வசனம். அவர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் மருந்துப் போத்தலைத் தாயின் கையில் கொடுத்து அனுப்பியாயிற்று. தகப்பன் மகளின் கையைப் பிடித்த பிடியைத் தெருவில் கண்டேன். அவசரமாக பஸ்ஸுக்கு இழுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இந்த மனிதர் ஆங்கிலத்திலேயே சொல்லித் தொலைத்திருந்தால் வைத்திலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. பிள்ளை தப்பியிருக்கும்.

இரண்டு கிழமை கழித்துத் தாய் தனியாக வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து மருந்துப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். மூடி திறக்கவேயில்லை.

“இதைத் திருப்பிக் குடுத்திட்டுப் போவமெண்டு வந்தனான், மிஸ்ஸி. பொய் சொல்லுறவளுக்கு மருந்தென்னத்துக்கெண்டு அவர் விட விடேல்லை.”

“ஆர் பொய் சொன்னது?”

“டொக்டர் ஐயாதானே சொன்னவர்.”

இருத்தி, தண்ணீர் கொடுத்து, மெல்ல மெல்லக் கேட்டேன். வீட்டுக்குப் போன கையோடு தகப்பன் கண்ணாடியைக் கிணற்றுக்குள் எறிந்திருக்கிறார். பூவரசங்கம்பு முறியும்வரை அடித்திருக்கிறார். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்குக் கை நீட்டாத மனிதராம். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பு வாத்தியாருக்கு முன்னால் நின்று, “பட்டணத்து டொக்டரே சொல்லிப் போட்டார், எல்லாம் பொய்யாம்,” என்று சொல்லியிருக்கிறார். வகுப்பு முழுக்கக் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் ‘பொய்க்கண்ணி’. குறிப்பு எழுதிக் கொடுத்த சிநேகிதிகளும் அப்படித்தான் கூப்பிட்டார்களாம்.

“இந்தத் தவணையோடை படிப்பை மறிக்கப் போறாராம். பள்ளிக்கூடத்திலை படிச்ச பாடம் காணும், இனி வீட்டை நிண்டு புகையிலையை அடுக்கிப் பதமாக்கிப் பாடம் போடட்டும் எண்ணுறார்.” தாய் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். “அவள் இப்ப ஒண்டுமே கதைக்கிறேல்லை. தெரியுதோ பிள்ளை எண்டு கேட்டால், தெரியுது அம்மா எண்ணுறாள். எதைக் கேட்டாலும் தெரியுது எண்ணுறாள். நேற்று முத்தத்துப் படியிலை தட்டுப்பட்டு விழுந்தவள்.”

அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு எழும்பினேன். நேராக டொக்டரின் அறைக்குள் போனேன். கதவைத் தட்டினேனா என்று ஞாபகமில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: “சொல் சரியான சொல். அந்த மனிசனுக்குத் தமிழ் விளங்காட்டி நான் என்ன செய்ய?”

“அவருக்குத் தமிழ் நல்லா விளங்கினது, ஐயா. அதுதான் கரைச்சல்.”

“நீர் போய் அடுத்த ஆளைக் கூப்பிடும்.”

போய்க் கூப்பிட்டேன். வேறு என்ன செய்ய? அன்று முழுக்க என் வாயில் ஒரு நல்ல சொல் வரவில்லை. ஆனால் அனுப்புவதற்கு முன் தாயிடம், எப்படியாவது தகப்பனையும் பிள்ளையையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தேன். அவள் வீட்டுக்குப் போய், டொக்டர் கட்டாயம் திருப்பி வரச் சொன்னவர் என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். டொக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் வேண்டுமென்று யாராவது பொய் சொன்னார்கள் என்றால், அந்த நாள்வரைக்கும் அது அந்தத் தாய் ஒருத்திதான்.

ஒரு வியாழக்கிழமை வந்தார்கள். பிள்ளை மெலிந்திருந்தாள். கண்ணாடி இல்லை. இங்கே எங்கள் கிளினிக்கின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்களிடம் தமிழ் எழுத்துப் பலகை இரண்டு இருந்தன. ஒரு நாள் ஒன்று, மற்ற நாள் மற்றது. காத்திருக்கிறவர்களுக்கு உள்ளே வாசிப்பது கேட்கும், கேட்டதைப் பாடமாக்கிக்கொண்டு வந்து ஒப்புவிப்பார்கள் என்பதால் மாறி மாறிக் கொழுவுவோம். தவமலர் முதல் வந்த நாள் கொழுவியிருந்த பலகை வேறு, இந்த வியாழன் தொங்கியது வேறு.

கதிரையில் இருத்தி, ஒரு கண்ணை மறைத்தேன். தகப்பன் வாசலோடு நின்றார்.

“கீழ் வரியை வாசியும், பிள்ளை.”

ஒரு தடக்கலும் இல்லாமல் வாசித்தாள். “ட, ப, ம, ர, க.”

பலகையில் இருந்தது வ, ந, ட, ல, ப.

“அதுக்கு மேல் வரி?”

அதையும் சொன்னாள். அதுவும் பழைய பலகையின் வரி. எல்லா வரியும் முதல் நாள் அவள் மருந்து விட்டபின் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு வாசித்த வரிகள். கொப்பி கொப்பியாக எழுதுகிற பிள்ளைக்கு ஒரு பலகையை மனதில் வைத்திருப்பது பெரிய வேலையா? எங்கோ ஒரு வெள்ளைச் சதுரம் தொங்குகிறது என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

“பாத்தியளே, மிஸ்ஸி!” தகப்பன் வாசலில் நின்று சிரித்தார். நிம்மதிச் சிரிப்பு. “ஒரு நல்ல பூசை குடுக்க எல்லாம் தெரியுது.”

நான் பலகையை நோக்கிக் கையை நீட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அந்த மனிதருக்கு என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. மேசைக்குப் பின்னால் டொக்டர் தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்த முறை அடுத்த ஆளைக் கூப்பிடு என்று அதற்கு அர்த்தமில்லை. எழும்பி வந்து, கதவைச் சாத்தி, விளக்கைத் தணித்து, துளைக்கண்ணாடியால் அவளுடைய கண்ணுக்குள் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நிழல் முன்னையைவிட மோசமாக இறுகியிருந்தது.

“இப்ப சொன்னதுதான் பொய்,” என்றார் தகப்பனைப் பார்த்து. “முந்திச் சொன்னது உண்மை. அவளுக்குத் தூரம் தெரியேல்லை. இப்பவும் தெரியேல்லை.”

தகப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையை ஓங்குவதா இறக்குவதா என்று தெரியாதவர் போல நின்றார். பிறகு கேட்டார்: “அப்ப அண்டைக்கு ஏன் ஐயா பொய்யெண்டு சொன்னியள்?”

டொக்டர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கடைசிவரைக்கும் கேட்கவில்லை. நான் அந்தக் கிளினிக்கில் இருந்து இளைப்பாறும்வரை அதை அவருக்கு மன்னிக்கவும் இல்லை. அவர் செய்தது ஒன்றுதான். சொட்டு விடுவது எங்கள் வேலை. அன்றைக்குப் போத்தலைத் தானே எடுத்து, பிள்ளையின் தலையை நிமிர்த்தி, சொட்டை விட்டு, மூக்கோரத்தைத் தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தகப்பனுக்குச் சொல்ல வேண்டியதை நான்தான் சொன்னேன். “உங்களுக்கு இடுப்பிலை நாரிப்பிடிப்பு வாறதோ?”

“தோட்டம் கொத்திற எனக்கு வராமல்? போன மாசமும் மூண்டு நாள் நிமிர ஏலாமல் கிடந்தனான்.”

“அப்ப உங்கடை நாரியிலை முறிவு இருந்ததோ?”

“இல்லை. பிடிப்புத்தானே. விட்டிடும்.”

“அப்ப நிமிர ஏலாதெண்டு நீங்கள் சொன்னது பொய்யோ?”

நான் விடவில்லை. “உங்கடை பிள்ளைக்குக் கண்ணுக்கை பிடிப்பு. குனிஞ்சு குனிஞ்சு எழுதி வந்தது. அவ்வளவுதான்.”

“கண்ணிலை பிடிப்பு.” தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது. வர வேண்டிய கோபம்தான். “இதை அண்டைக்கே இப்பிடிச் சொல்லியிருக்கலாமே! சொல்லியிருந்தால் நான் ஏன் என்ரை பிள்ளையை...” முடிக்கவில்லை. சால்வையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் அந்த வேலையில் இருந்தவரைக்கும் பெற்றோருக்குச் சொன்னது அந்த ஒரு சொல்தான். கண் பிடிப்பு. எழுபதுகளில் தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழக வாசலை இறுக்கினார்கள். எங்கள் பிள்ளைகள் மற்றவர்களைவிட எவ்வளவோ கூடப் புள்ளி எடுக்க வேண்டியதாயிற்று. கொழும்பில் இருந்து கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது ஒரு சட்டம். எங்கள் விறாந்தையில் அது பிடித்த கண்ணோடு வரிசையில் இருந்தது. அவ்வளவு பேருக்கும் இதே சொல்லைத்தான் சொன்னேன். எந்தத் தகப்பனும் நாரிப்பிடிப்புக்காகப் பிள்ளையை அடிப்பதில்லை. இது நான் கண்டுபிடித்த விஞ்ஞானம் அல்ல. காதில் விழுகிற சொல் வீட்டுக்குப் போய் என்ன செய்யும் என்று ஒரு கணம் யோசிக்கிற வேலை. அதைச் செய்ய அகராதி தேவையில்லை.

தவமலருக்கு நாலைந்து கிழமை மருந்து விட்டார்கள். வெயில் கூசும் என்று நான் சொன்னதற்காகத் தகப்பன் தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு, அவள் வெளிக்கிடும் போதெல்லாம் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாராம். தானே பள்ளிக்கூடத்துக்குப் போய், அதே வாத்தியாருக்கு முன்னால், அதே வகுப்பில் வைத்து, “என்ரை பிள்ளை பொய் சொல்லேல்லை. டொக்டர் சொன்ன சொல்லிலை பிழை,” என்று சொல்லிவிட்டு வந்தார். படிப்பை மறிக்கவில்லை. அந்த வருடச் சோதனை அவளுக்குத் தவறிப் போனது, அடுத்த வருடம் எழுதினாள். தேறினாள் என்றும் கேள்விப்பட்டேன். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. கலியாணம் கட்டிப் போகும்வரைக்கும் ஊரில் சிலர் அவளைப் பொய்க்கண்ணி என்றுதான் சொன்னார்களாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, கண் சுகமாகிவிட்டதுதானே மிஸ்ஸி, படித்தும் விட்டாள்தானே என்று நீங்கள் சொல்லக்கூடும். அதனால் மருந்தை நிற்பாட்டிய பிறகு அவர்கள் கடைசியாக வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று தகப்பன் உள்ளே வந்து அவளுக்குப் பக்கத்திலேயே நின்றார். துளைக்கண்ணாடியில் நிழல் தடுமாறாமல் நிதானமாக ஓடியது. பிடிப்பு முழுக்க விட்டிருந்தது. பலகையைப் பார்க்கச் சொன்னேன். எழுத்து தெரிகிற பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். புருவம் இறங்கும், கண் சுருங்காது, பார்வை வரிக்கு வரி படியிறங்கும். அவளுடைய பார்வை கடைசி வரிக்குப் போய் அங்கே ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்ததை நான் கண்டேன்.

டொக்டர் கேட்டார். அவரால் இயன்ற அளவு மெதுவாகத்தான் கேட்டார். “தெரியுதோ, பிள்ளை?”

அவள் வாசிக்கவில்லை. பலகையிலிருந்து கண்ணை எடுத்து, தகப்பனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் என்னெண்டு சொல்ல வேணும், அப்பா?”